ஞானம் ருசி பார்த்த மூன்று பாட்டில்கள்

1

சென்ற சனிக்கிழமை மெல்பர்னிலிருந்து இரண்டு குடும்பங்கள் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்தன. ஆளுக்கொரு பாட்டில் ஒயின் கொண்டு வந்திருந்தார்கள். அடிலெய்டில் இருப்பவன் வீட்டுக்கு, அதுவும் ஒயின் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவன் வீட்டுக்கு, யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. பாட்டில்களை வரிசையாக வைத்து, எது உசத்தி என்று சண்டை போட்டுக்கொண்டே சாப்பிடுவது இங்கே எங்களுக்கு வாய்த்த பொழுதுபோக்கு. ஊரில் இருந்திருந்தால் எந்தக் கடை கடலை மிட்டாய் உசத்தி என்று சண்டை போட்டிருப்போம்.

முதல் பாட்டிலைத் திறந்தேன். ஆனால் ஊற்றவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. இங்க யாராவது மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒருவர் பிரஷர் மாத்திரை என்றார். என்ன பெயர் என்று கேட்டேன். ஞாபகமில்லை என்றார். காரில் இருந்த அட்டையை எடுத்துவரச் சொல்லி, அதன் முதுகில் இருந்த பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். அதற்குள் கறிக்குழம்பு ஆறிவிட்டது. பதினாறு வயது மகள் அவமானம் தாங்காமல் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில், "அப்பா ஏன் வீட்டுக்கு வர்றவங்களை எல்லாம் நோயாளி மாதிரி விசாரிக்கிறார்?" என்று தன் அம்மாவிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். "அவருக்குப் பயம்" என்று சாந்தி தமிழில் பதில் சொன்னாள். எதற்குப் பயம் என்று அடுத்த கேள்வி வந்தது. சொல்ல ஆரம்பித்தேன், இரண்டு வாக்கியத்துக்கு மேல் ஓடவில்லை. அவளுக்குப் புரிகிற மொழியில் என் நண்பனின் மனைவி எஸ்தரின் முகத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேனோ என்னவோ.

2

ஐந்து வருடங்களுக்கு முன்னால், ஒரு ஜனவரி மாதம், சாந்தியும் நானும் கோவில்பட்டிக்கு வந்திருந்தோம். மகளை இங்கே பள்ளித் தோழி வீட்டில் விட்டுவிட்டு வந்த முதல் பயணம் அது. பெட்டியில் மூன்று பாட்டில்கள், துணிக்குள் சுற்றி வைத்தது. சென்னை விமான நிலையச் சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். தலைக்கு எவ்வளவு, இரண்டு பாஸ்போர்ட்டுக்கு எவ்வளவு என்று விதி பேசி, படிவம் எழுதி, முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் அந்த அதிகாரி, "எல்லாம் ஒண்ணுதானே சார், எதுக்கு மூணு?" என்று கேட்டார். ஒன்றல்ல என்று அவருக்கு ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். மனிதர் பொறுமைசாலி, கேட்டுவிட்டு அனுப்பினார்.

அந்த மூன்றும் ஞானராஜுக்காகக் கொண்டு வந்தவை.

ஞானமும் நானும் கல்லூரியில் ஒரே பெஞ்ச், இரண்டு பேருமே கெமிஸ்ட்ரி. நான் படிப்பைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டினேன். அவன் அப்பாவின் தீப்பெட்டி ஆபீஸில் போய் உட்கார்ந்தான். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். குச்சி முனையில் தடவும் மருந்தை அவன் மூக்கால் முகர்ந்தே பதம் சொல்லிவிடுவான். கூடவே பிராந்தியும் பழகிக்கொண்டான். அதற்கு முந்தைய முறை நான் ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி நடுவில் விழுந்து கிடந்தவனை நானும் சமையல்காரரும்தான் தூக்கி வந்தோம். அவன் மனைவி எஸ்தர் மண்டப வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

பிறகு ஒருநாள் அடிலெய்டுக்குப் போன் வந்தது.

"ஏலே முருகா, விட்டுட்டேன்ல. ஒருத்தரும் சொல்லி இல்ல, நானா விட்டேன். ஒரு நாள் ஒடம்பு ஒத்துக்கல, மூஞ்செல்லாம் செவந்து, வாந்தின்னா வாந்தி. மறுவாரமும் குடிச்சுப் பாத்தேன், அதே கததான். சரி, ஆண்டவரா பாத்துச் சொல்லுதாருன்னு அன்னைக்கே முடிச்சுட்டேன்."

சர்ச்சில் எழுந்து நின்று சாட்சி சொன்னதாகவும் சொன்னான். இந்தப் பாவியைக் கர்த்தர் தூக்கிவிட்டார் என்று எல்லோர் முன்னாலும் அழுதானாம். பின்வரிசையில் இருந்தவர்கள்கூட அழுதார்களாம். அவன் குரலில் அப்படி ஒரு தெளிவை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

விட்டவனிடம் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போனாயே, உனக்கு அறிவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லைதான். எனக்கு அப்போது ஒரு திமிர் இருந்தது. பிராந்தி குடித்து விழுகிறவன் ஒரு சாதி, ஒயினை முகர்ந்து, நாக்கில் உருட்டி, கருத்துச் சொல்கிறவன் வேறு சாதி என்று நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டிலும் இருப்பது ஒரே சாராயம். ஒயினில் அது எத்தனை சதவீதம் என்று தினமும் அளந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன் நான். அந்த நான்தான் நம்பினேன்.

3

அன்று மாதத்தின் முதல் ஞாயிறு. மாலை ஆறரை மணிக்கே ஞானம் வீட்டில் விருந்து தொடங்கிவிட்டது. எஸ்தர் கறிக்குழம்பும் சுக்காவும் வைத்திருந்தாள். காலையில் இருவரும் சர்ச்சுக்குப் போய்த் திருவிருந்து எடுத்துவிட்டு வந்திருந்தார்கள். திருவிருந்து என்றால், முழங்காலிட்டு அப்பத்தையும் பாத்திரத்திலிருந்து ஒரு வாய் திராட்சை ரசத்தையும் வாங்குவது.

நான் பாட்டில்களை மேசையில் வைத்ததும் எஸ்தரின் முகம் மாறியது.

"அண்ணாச்சி, இது என்னது? அவியளுக்கு வேண்டாம். விட்டுட்டாவள்லா" என்றாள்.

"எஸ்தரு, பயப்படாத. இது பிராந்தி இல்ல. வெறும் திராட்சை. காலைல உங்க சர்ச்சுல குடுத்தாவள்லா, அதேதான். கொஞ்சம் ஒசத்தி, அவ்வளவுதான்."

இந்த வார்த்தைகளை நான்தான் சொன்னேன். என் வாயால், சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். எதையோ மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறாள் என்பது தெரிந்தது. வெறும் தயக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு, "காலைல குடிச்சது ஒண்ணும் செய்யலயே" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து கல்யாணத்துக்கு வந்த கண்ணாடித் தம்ளர்களை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்தாள்.

பெயர் தெரியாமல் ருசி பார்ப்பதுதான் முறை என்று, பாட்டில்களை நாளிதழில் சுற்றி, பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு மடக்கு ஊற்றினேன். சாந்தி பாதி மடக்கோடு நிறுத்திக்கொண்டாள். எஸ்தர் தொடவில்லை.

ஞானம் முதல் தம்ளரை மூக்கருகே கொண்டுபோனான். "நாவப்பழம். நல்லாக் கனிஞ்சு கீழ விழுந்தது" என்றான். சரிதான், அடிலெய்டுக்கு வடக்கே பரோசா பக்கம் விளையும் சிராஸ் என்ற கறுப்புத் திராட்சையின் ஒயின் அது. இரண்டாவதைக் குடித்துவிட்டு, "இதுல யூகலிப்டஸ் தைலத்த எவம்ல ஊத்துனான்?" என்றான். அந்தத் தோட்டத்தைச் சுற்றி வரிசையாக யூகலிப்டஸ் மரங்கள்தான் நிற்கின்றன. எனக்குப் புல்லரித்தது.

மூன்றாவது வெள்ளை. அதை முகர்ந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஏலே, இது குச்சி ஒரசுன வாசம்லா!"

உரசிய தீக்குச்சி வாசம் என்று ஒன்று அந்த வகை வெள்ளை ஒயினில் உண்டு. எங்கள் கூடத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அதைக் கண்டுபிடிக்க மாதக் கணக்கில் பயிற்சி கொடுக்கிறோம். இவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். நான் எழுந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "இவனை நான் கூட்டிட்டுப் போயிருதேன் எஸ்தரு, எங்க கம்பெனில பெரிய சம்பளம் குடுப்பாவ" என்றேன். எஸ்தர்கூடச் சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில் அவன் தம்ளரில் முதல் பாட்டிலை மறுபடி ஊற்றினேன். இந்த முறை மடக்கு இல்லை, முக்கால் தம்ளர்.

சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தவன் சட்டென்று கையை எடுத்தான். கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. கண் இரண்டும் ரத்தமாகிவிட்டன. "நெஞ்சு படபடன்னு அடிக்கி" என்றான். வியர்வை சட்டையை நனைத்தது. எழுந்து நின்றவன், அப்படியே தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

"அய்யோ, அய்யோ" என்று எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அருகே வரவில்லை. சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். நெஞ்சுவலிதான், என் கண் முன்னாலேயே போகப் போகிறான் என்று நினைத்தேன்.

4

வாசலில் தீப்பெட்டி பண்டல் ஏற்றும் வேன் நின்றது. அவனைப் பின்னால் படுக்க வைத்து, நான்தான் ஓட்டினேன். ஊரில் வண்டி ஓட்டிப் பத்து வருடமாகியிருந்தது. கியர் கைக்கு அகப்படவில்லை. டவுன் பஸ் ஒன்று உரசிக்கொண்டு போனது. ரயில்வே கேட் அருகே வந்தால் மூடியிருக்கிறது. கேட்கீப்பரிடம் ஓடிக் கும்பிட்டேன். "அண்ணாச்சி, வண்டி கடம்பூர் தாண்டிட்டு. நான் என்ன செய்ய?" என்றார் அவர். அந்த ரயில் வந்து போகிறவரை வேனின் பின்பக்கத்திலிருந்து அவன் மூச்சு இழுக்கிற சத்தத்தை எண்ணிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் இளம் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். பிரஷர் மிகவும் இறங்கியிருக்கிறது என்று உடனே குளுக்கோஸ் ஏற்றி, ஆக்சிஜன் வைத்தார்.

"என்ன குடிச்சாரு?"

"ஒயின். ஆஸ்திரேலியாவுல இருந்து நான் கொண்டு வந்தது."

கம்பவுண்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மேடம், டூப்ளிகேட் சரக்கா இருக்கும். கண்ணு செவந்திருக்கு பாருங்க" என்றார்.

"பாட்டிலை எடுத்துட்டு வாங்க. போலீசுக்கு எழுதி அனுப்ப வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். "வேற மருந்து மாத்திரை எதுவும் சாப்பிடுறாரா?"

"இல்ல" என்றேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்த நிமிடத்தில் எனக்கு வந்த பயம் ஞானத்தைப் பற்றியது அல்ல. வெள்ளிக்கிழமை ராத்திரி விமானம். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களோ, விஷம் கொடுத்ததாக எழுதிவிடுவார்களோ, மகள் அங்கே தனியாக இருக்கிறாளே என்றுதான் புத்தி ஓடியது.

வெளியே வந்தேன். ஆட்டோவில் பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த சாந்தி, பெஞ்சில் எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எஸ்தர் என்னைக் கண்டதும் எழுந்தாள். அவள் உதடு வெள்ளையாக இருந்தது.

"அண்ணாச்சி, நான்தான்."

"என்ன நீதான்?"

"தெனமும் காலைல காப்பில மாத்திரை போடுதேன். குடிய நிறுத்துத மாத்திரை. ஜெபக்கூட்டத்து அக்கா ஒருத்தி வாங்கித் தந்தாவ. பொடிச்சுக் கலந்தா தெரியாதுன்னாவ. அதுக்கு மேல குடிச்சா ஒடம்பு தாங்காதாம், வாந்தி வருமாம், பயந்து விட்டுருவாவளாம். அப்படித்தான் விட்டாவ. ஏழு மாசமாப் போடுதேன்."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே சொன்னாள்.

"சர்ச்சுல மாசாமாசம் எடுக்காவ, ஒண்ணும் செய்யல. நீங்களும் அதேதான்னு சொன்னீய. அதான் சும்மா இருந்துட்டேன்."

அவர்கள் சர்ச்சில் கொடுப்பது, ஆயரம்மா என்று அவர்கள் அழைக்கும் போதகரின் மனைவி வீட்டில் திராட்சையைச் சீனி போட்டுக் காய்ச்சி எடுப்பது. அதில் போதை என்று எதுவும் கிடையாது. அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

"டாக்டர்ட்ட உடனே சொல்லணும் எஸ்தரு. இல்லன்னா வேற என்னத்துக்கோ வைத்தியம் பாப்பாவ."

"சொல்லுங்க. செத்துப் போவாவளா அண்ணாச்சி?" என்று கேட்டவள், என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவிய காதுல மட்டும் விழாம சொல்லிருங்க. தானா விட்டதாத்தான் நெனச்சுட்டு இருக்காவ. அது போச்சுன்னா மனுசன் திரும்பக் குடிச்சே செத்துருவாவ."

உள்ளே போனேன். டாக்டர் கட்டிலருகே பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார். ஞானம் கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் முன்னால் சொல்லக் கூடாது. டாக்டரை வெளியே அழைக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடிலெய்டில் கடையிலோ பேருந்திலோ யார் காதிலும் விழக்கூடாத விஷயம் என்றால் நானும் சாந்தியும் தமிழுக்கு மாறிக்கொள்வோம். அத்தனை வருடப் பழக்கம். பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாமல் பேசுவதென்றால் மொழியை மாற்ற வேண்டும் என்று என் நாக்கு பழகிப் போயிருந்தது. அந்த நாக்கு இங்கே ஆங்கிலத்துக்கு மாறியது. இவர் மனைவி இவருக்குத் தெரியாமல் ஏழு மாதமாகக் காப்பியில் குடியை நிறுத்தும் மாத்திரையைக் கலந்து கொடுக்கிறார் என்று டாக்டரிடம் ஆங்கிலத்தில், சுத்தமாக, விவரமாகச் சொன்னேன்.

என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அதே ஆங்கிலத்தில் கெமிஸ்ட்ரி படித்தவன் அவன். பல பரீட்சைகளில் என்னைவிடக் கூடுதலாக மார்க் வாங்கியவன்.

என் கையைப் பிடித்திருந்த அவன் கை மெல்லத் தளர்ந்தது. மயங்கிவிட்டானோ என்று பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை, விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லவேளை சொன்னீங்க" என்றார் டாக்டர். "இனிமே போலீஸ் எதுக்கு. ஆனா இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் உத்தரவாதம் சொல்ல மாட்டேன்."

5

ஞானம் பிழைத்துக்கொண்டான். பிரஷர் ஏறி, சிவப்பு இறங்கி, மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஆனால் என் பயம் அன்றைக்குத்தான் சரியாக ஆரம்பித்தது.

அவன் எஸ்தரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. அவள் கொண்டு வந்த இட்லியைத் தொடவில்லை. ரசம், கஞ்சி, ஆரஞ்சுப் பழம், எதையும் தொடவில்லை. வார்டுபாயிடம் காசு கொடுத்து எதிர்க்கடை டீயும் பன்னும் வாங்கிச் சாப்பிட்டான். உரித்த ஆரஞ்சுச் சுளைகள் காய்ந்து போகிற வரை அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை நான் தனியாகப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். தப்பெல்லாம் என்னுடையது என்றேன். அவன் காதில் வாங்கவில்லை.

"சாட்சி சொன்னேன்ல" என்றான். "எந்திரிச்சு நின்னு, அத்தன பேரு முன்னால சொன்னேன். தெனமும் படுக்கும்போது, இன்னைக்கும் ஜெயிச்சுட்டோம்னு நெனச்சுட்டுப் படுப்பேன். எவன் ஜெயிச்சான்? ஒரு மாத்திரைல ஜெயிச்சிருக்கு."

"விட்டது விட்டதுதானல ஞானம்."

"நான் விடல முருகா. நான் விடவே இல்ல. இப்ப அது தெரிஞ்சுபோச்சு." சன்னல் வழியே ரோட்டைக் காட்டினான். எதிர்ப் பக்கத்தில் ஒயின் ஷாப் போர்டு தெரிந்தது. "நேத்துலேர்ந்து அதத்தான் பாத்துட்டு இருக்கேன்."

புதன்கிழமை அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா எஸ்தரை உட்கார வைத்துக் கண்டித்தார். இனி தெரியாமல் கொடுத்தால் ஒருநாள் ஆளே போய்விடுவார், ரத்தப் பரிசோதனை எடுத்தாயிற்று, அவரே சம்மதித்தால் மட்டும் வெள்ளிக்கிழமையிலிருந்து கொடுக்கலாம் என்று சொல்லி, சீட்டில் மாத்திரையை எழுதித் தந்தார். எஸ்தர் அந்தச் சீட்டை பைபிளுக்குள் வைத்தாள். சம்மதமாவது ஒன்றாவது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டிலும் ஓட்டல் பார்சல்தான் சாப்பிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் விடைபெற்றுக்கொள்ளப் போனோம். வாசலில் வண்டியை நிறுத்தும்போதே, வீட்டில் ஞானம் இருக்கிறானா, ஒயின் ஷாப்பில் இருக்கிறானா என்ற பயத்தில் சாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இருந்தான். குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். வந்ததற்கு வாங்க என்று சொன்னான். எஸ்தர் ஒரு தட்டில் நாலு தம்ளர் காப்பி கொண்டு வந்தாள். சாந்தி எடுத்தாள், நான் எடுத்தேன். ஞானம் எடுக்கவில்லை. தட்டு அவன் முன்னால் ஆடிக்கொண்டே நின்றது.

"வெறும் காப்பிதான்" என்றாள் எஸ்தர். "சத்தியமா ஒண்ணும் போடல. வேணும்னா நான் குடிச்சுக் காட்டுதேன்." அவன் தம்ளரை எடுத்து, சூட்டோடு இரண்டு மடக்கு குடித்தாள். நாக்கு சுட்டுக் கண்ணில் நீர் வந்தது. "பாத்தியளா? ஒண்ணும் இல்ல."

ஞானம் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தான்.

"ஏட்டி, அந்த மாத்திரை வாங்கிட்டியா?"

அவள் தம்ளரைத் தட்டில் வைத்தாள். "தெரியாமப் பண்ணிட்டேன், இனிமேல் செய்ய மாட்டேன். மன்னிச்சிருங்க."

"வாங்கிட்டியான்னுதான் கேட்டேன்."

"வாங்கி வச்சிருக்கேன்."

"எடுத்துட்டு வா. காப்பில வேண்டாம். கைல குடு." வாசல் பக்கம் பார்த்தான். "எனக்குப் பயமா இருக்குட்டி. அந்தக் கடையத் தாண்டி ஆபீசுக்குப் போகப் பயமா இருக்கு."

அவள் உள்ளே போய் ஒரு மாத்திரையும் தண்ணீரும் கொண்டு வந்தாள். அவன் கையை நீட்டினான். மாத்திரை இரண்டு கைக்கும் நடுவில் விழுந்து, உருண்டு, பீரோவுக்கு அடியில் போய்விட்டது. வேறு எடுத்து வருகிறேன் என்று எஸ்தர் திரும்பினாள். அதற்குள் ஞானம் அந்த வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து, பீரோவுக்கு அடியில் தோள்வரை கையை விட்டுத் தேட ஆரம்பித்திருந்தான்.